கட்சிக்காரர் யார்?

1962-ஆம் ஆண்டு. ஃபுளோரிடா மாநிலச் சிறையில் இருந்த கிளாரன்ஸ் எர்ல் கிடியன் என்ற கைதி, பென்சிலால் ஒரு மனு எழுதி அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்துக்குள் புகுந்து திருடியதாக அவர் மீது வழக்கு. வக்கீல் வைக்கக் கையில் காசில்லை. அரசு செலவில் ஒருவரை அமர்த்தித் தரும்படி விசாரணை நீதிபதியிடம் கேட்டார், கிடைக்கவில்லை. தானே வாதாடித் தோற்று, ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஏழைக்கு வக்கீல் தருவது அரசின் கடமை என்பதுதான் அந்தப் பென்சில் மனுவின் சாரம். உச்ச நீதிமன்றம் அதை விசாரணைக்கு ஏற்றுக்கொண்டதும், ஃபுளோரிடா அரசின் தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரலின் அலுவலகம் மற்ற மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்களுக்குக் கடிதம் போட்டது. இந்த வழக்கில் எல்லா மாநிலங்களின் உரிமையும் அடங்கியிருக்கிறது, எங்களுக்கு ஆதரவாக மனுத் தாக்கல் செய்யுங்கள் என்று கேட்டது.

மின்னசோட்டாவின் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர் வால்டர் மாண்டேல். பின்னாளில் நாட்டின் துணை அதிபரானவர். அப்போது வயது 34. கடிதத்தைப் படித்தவர் எதிர்ப்பக்கம் போய் நின்றார். மாசசூசெட்ஸ் அட்டர்னி ஜெனரலும் கைகோர்க்க, இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் கிடியனுக்கு ஆதரவாக மனுத் தாக்கல் செய்தன. ஃபுளோரிடாவோடு நின்றவை அலபாமாவும் வட கரோலினாவும் மட்டுமே. 1963 மார்ச்சில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கிடியன் பக்கம் தீர்ப்பளித்தார்கள்.

மாநிலத்தின் தலைமை வக்கீல், மாநிலத்தின் மீது புதுச் செலவையும் புதுக் கடமையையும் சுமத்தும்படி நீதிமன்றத்தைக் கேட்கிறார். நம் ஊர்ப் பழக்கத்தில் இது விளங்கிக்கொள்ளக் கடினமான காரியம். இங்கே அதற்கு இணையான அட்வகேட் ஜெனரலை அரசியலமைப்பின் 165-ஆவது பிரிவின்படி ஆளுநர் நியமிக்கிறார். ஆளுநர் விரும்பும்வரை பதவி. நடைமுறையில், ஆட்சியில் இருப்பவர்கள் விரும்பும்வரை. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியது, அட்வகேட் ஜெனரலும் மாறினார். அதை யாரும் வியப்பாகப் பார்க்கவில்லை. அரசு என்ற கட்சிக்காரர் மாறினால் வக்கீலும் மாறுவார், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 50 மாநிலங்களில் 43-இல் அட்டர்னி ஜெனரலை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அலாஸ்கா, ஹவாய், நியூ ஹாம்ப்ஷயர், நியூ ஜெர்சி, வயோமிங் ஆகிய ஐந்தில் கவர்னர் நியமிக்கிறார். மேய்னில் சட்டமன்றம் ரகசிய வாக்கெடுப்பு நடத்துகிறது. டென்னசியில் மாநில உச்ச நீதிமன்றமே எட்டு ஆண்டுகளுக்கு ஒருவரை அமர்த்துகிறது. (அங்கே கவர்னர் என்றால் நம் முதலமைச்சரைப் போல உண்மையில் ஆட்சி நடத்துபவர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.) இங்கிலாந்து மன்னரின் வக்கீலாகத் தொடங்கியது அட்டர்னி ஜெனரல் பதவி. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், அதிகாரம் ஒரே கையில் குவியக்கூடாது என்ற எண்ணம் வலுத்தபோது மாநிலங்கள் ஒவ்வொன்றாக இதைத் தேர்தல் பதவியாக்கின. நியூயார்க் 1846-ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அப்படிச் செய்தது.

தமிழில் வக்கீலை நாடி வருபவரைக் 'கட்சிக்காரர்' என்கிறோம். அரசியல் கட்சியில் இருப்பவரையும் அதே சொல்லால்தான் அழைக்கிறோம். இந்தப் பதவியின் நன்மை தீமை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட அட்டர்னி ஜெனரலுக்குக் கட்சிக்காரர் யார்? கவர்னரா, அரசுத் துறைகளா, சட்டமா, ஓட்டுப் போட்ட மக்களா? சட்டப் புத்தகம் தெளிவாகச் சொல்லாத இடத்தில் அவரே முடிவு செய்துகொள்கிறார். அப்படி முடிவு செய்யும் சுதந்திரத்தால் விளைந்த நன்மை பெரிது. விளைந்த கேடும் சிறிதல்ல.

முதலில் நன்மை. மிசிசிப்பியின் அட்டர்னி ஜெனரல் மைக் மூர் 1994 மே மாதம் சிகரெட் நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தார். புகைபிடித்து நோயுற்றவர்கள் தொடுத்த வழக்குகளில் அதுவரை நிறுவனங்களே வென்றுவந்தன. தெரிந்துதானே புகைத்தாய் என்று கேட்டே தப்பித்துக்கொண்டிருந்தன. மூரின் வாதம் வேறு. மாநிலம் புகைபிடிக்கவில்லை, ஆனால் புகைத்து நோயுற்ற ஏழைகளின் மருத்துவச் செலவை மாநிலம் கட்டுகிறது, அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். இதை முதலில் எதிர்த்தவர்களில் அவருடைய கவர்னரே ஒருவர். என் அனுமதி இல்லாமல் மருத்துவ உதவித் திட்டத்தின் பெயரில் நீ வழக்குப் போட முடியாது என்று கவர்னர் கிர்க் ஃபோர்டைஸ் 1996-இல் மாநில உச்ச நீதிமன்றத்துக்கே போனார். நீதிமன்றம் வழக்கை நிறுத்தவில்லை. மூர் கவர்னரின் தயவில் பதவிக்கு வந்தவராக இருந்திருந்தால் ஒரே கடிதத்தில் வீட்டுக்குப் போயிருப்பார், வழக்கும் அவரோடு போயிருக்கும்.

மற்ற பல மாநிலங்களும் மூரைப் பின்பற்றின. நான்கு மாநிலங்கள் தனித்தனியே சமரசம் செய்துகொண்டன. 1998 நவம்பரில் மீதி 46 மாநிலங்களும் சேர்ந்து, 25 ஆண்டுகளில் சுமார் 20,600 கோடி டாலர் தரும்படி நிறுவனங்களைக் கையெழுத்திட வைத்தன. சிறுவர்களைக் குறிவைத்த விளம்பரங்களுக்கும் கார்ட்டூன் உருவங்களுக்கும் தடை வந்தது. நிறுவனங்களின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. வாஷிங்டன் செய்யத் தவறியதை மாநில வக்கீல்கள் கூடிச் செய்தார்கள். 2012-இல் வீட்டுக்கடன் மோசடிக்காக ஐந்து பெரிய வங்கிகளிடமிருந்து 2,500 கோடி டாலரும், 2021-இல் ஓபியாய்டு வலிநிவாரணி மாத்திரைகளை ஊரெங்கும் இறைத்த நிறுவனங்களிடமிருந்து 2,600 கோடி டாலரும் பெற்றது இதே வழியில்தான். (சிகரெட் பணத்தில் மிகச் சிறு பங்கையே மாநிலங்கள் புகைப்பழக்கத்தைத் தடுக்கச் செலவிட்டன. அது வக்கீல்களின் குற்றமில்லை, சட்டமன்றங்களின் குற்றம்.)

இனிச் சிக்கலான இடம். திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் 2020-இல் வாசலில் கோலம் போட்டு வாழ்த்தினார்களே, அந்தக் கமலா ஹாரிஸ் 2011 முதல் 2017 வரை கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல். அவர் துணை அதிபரானதைக் கொண்டாடிய நாம், இந்தப் பதவியில் அவர் எடுத்த முடிவுகளைப் பற்றி அதிகம் பேசவில்லை. இரண்டை மட்டும் பார்ப்போம்.

ஒரே பாலினத்தவர் திருமணத்தைத் தடுக்கும் எட்டாம் முன்மொழிவை 2008-இல் கலிஃபோர்னிய மக்கள் ஏறத்தாழ 52 விழுக்காடு ஓட்டில் நிறைவேற்றியிருந்தார்கள். அதை நீதிமன்றத்தில் காப்பாற்றி வாதாட மாட்டேன் என்று ஹாரிஸ் 2010 தேர்தலிலேயே சொன்னார். வாதாடுவேன் என்றார் அவருடைய போட்டியாளர். மூன்று வாரம் நீண்ட எண்ணிக்கையில், ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் ஹாரிஸ் வென்றார். முன்மொழிவு செல்லாது என்ற கீழ் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மாநிலத்தின் சார்பில் யாரும் மேல்முறையீடு செய்யவில்லை. முன்மொழிவைக் கொண்டுவந்தவர்கள் தாங்களே உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அப்படி வழக்காட உங்களுக்குத் தகுதி இல்லை என்று 2013-இல் நீதிமன்றம் அவர்களைத் திருப்பி அனுப்பியது. கீழ் நீதிமன்றத் தீர்ப்பே நிலைத்தது, திருமணங்கள் நடந்தன.

அடுத்த ஆண்டே மற்றொன்று. கலிஃபோர்னியாவின் மரண தண்டனை முறை அரசியலமைப்புக்கு முரணானது என்று 2014-இல் ஒரு கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார். ஹாரிஸ் மரண தண்டனையைத் தனிப்பட்ட முறையில் எதிர்ப்பவர். ஆனாலும் மாநிலச் சட்டத்தைக் காப்பது என் கடமை என்று மேல்முறையீடு செய்தார். அடுத்த ஆண்டு அந்தத் தீர்ப்பு ரத்தானது.

எட்டாம் முன்மொழிவு வீழ்ந்தது எனக்கு மகிழ்ச்சியே. மரண தண்டனை பிழைத்துக்கொண்டதில் வருத்தமே. ஆனால் என் மகிழ்ச்சியும் வருத்தமும் அளவுகோல் ஆகா. ஒரு சட்டத்துக்கு வக்காலத்து வாங்குவேன், இன்னொன்றுக்கு வாங்கமாட்டேன் என்று ஒரே அதிகாரி தீர்மானித்தால், நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. நாளை எனக்குப் பிடித்த ஒரு சட்டம், வாடகைதாரரைக் காக்கும் சட்டமோ ஆற்றைக் காக்கும் சட்டமோ, அதே முறையில் கைவிடப்படலாம். அட்டர்னி ஜெனரலுக்கு மனச்சாட்சி இருக்கட்டும், விலகிக்கொள்ளட்டும். ஆனால் விலகும்போது அந்தச் சட்டத்துக்காக வாதாட வேறொரு வக்கீலை மாநிலச் செலவில் அமர்த்தியாக வேண்டும் என்று விதி இருக்க வேண்டும். கிடியனுக்குக் கிடைத்தது ஒரு சட்டத்துக்கும் கிடைக்கலாம்.

இவையெல்லாம் நல்ல மனிதர்களுக்கு வரும் சிக்கல்கள். பணம் வரும் வழியைப் பார்க்கும்போதுதான் மனம் கசக்கிறது. தேர்தல் என்றால் செலவு. அட்டர்னி ஜெனரல்களுக்காகக் குடியரசுக் கட்சியினர் 1999-இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஜனநாயகக் கட்சியினரும் தங்களுக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் பெரிய நிறுவனங்களும் பெரிய வக்கீல் குழுமங்களும் நன்கொடை தருகின்றன. ஒரு நிறுவனத்தை விசாரிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அதிகாரி, அதே நிறுவனம் பணம் போட்ட மேடையில் ஏறி ஓட்டுக் கேட்கிறார். மூரும் தன் தேர்தலுக்கு உதவிய ஒரு வக்கீலைத்தான் சிகரெட் வழக்குக்கு அமர்த்தினார், வெற்றியில் பங்கு என்ற கணக்கில். நல்ல வழக்கிலும் அந்தக் கறை ஒட்டியது.

ஒரு கடிதத்தைச் சொல்கிறேன். 2011-இல் ஓக்லஹோமாவின் அட்டர்னி ஜெனரல் ஸ்காட் புரூயிட், கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு மூன்று பக்கக் கடிதம் அனுப்பினார். எரிவாயுக் கிணறுகளால் காற்று மாசுபடுவதை முகமை மிகைப்படுத்துகிறது என்பது அதில் இருந்த புகார். மேலே மாநிலத்தின் முத்திரைத் தாள். கீழே அவர் கையெழுத்து. உள்ளே இருந்த எழுத்து டெவன் எனர்ஜி என்ற எரிவாயு நிறுவனத்தின் வக்கீல்கள் எழுதிக் கொடுத்தது; சில சொற்கள் மட்டுமே மாறியிருந்தன. நியூயார்க் டைம்ஸ் 2014-இல் இதை வெளியிட்டது. எழுதிய எரிக் லிப்டனுக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. புரூயிட் 2017-இல் அதே முகமையின் தலைவரானார். அந்தக் கிணறுகளுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களும் அந்த மாநிலத்தின் வாக்காளர்கள்தான். அந்தத் தாளில் அவர்களுக்காக ஒரு வரியும் இல்லை.

தப்பு செய்தால் மக்கள் அடுத்த தேர்தலில் தூக்கி எறிவார்கள் என்பது தேர்தலை ஆதரிப்பவர்களின் முதன்மையான வாதம். டெக்சாஸ் அதை நம்பவிடவில்லை. அங்கே கென் பேக்ஸ்டன் 2015 ஜனவரியில் அட்டர்னி ஜெனரலாகப் பதவியேற்றார். அதே ஆண்டு பங்குப் பத்திர மோசடிக் குற்றச்சாட்டு பதிவானது. 2020-இல் அவருடைய மூத்த உதவியாளர்களே அவர் மீது எஃப்.பி.ஐ.யிடம் புகார் கொடுத்தார்கள். 2018-இலும் 2022-இலும் மக்கள் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். 2023 மே மாதம் அவர் கட்சியே பெரும்பான்மையாக இருந்த கீழவை 121-க்கு 23 என்ற கணக்கில் பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. செப்டம்பரில் மேலவை விடுவித்தது. மோசடி வழக்கு ஒன்பதாண்டு இழுத்து, 2024-இல் விசாரணைக்கு வராமலே உடன்பாட்டில் முடிந்தது. கட்சிச் சின்னத்தைப் பார்த்து ஓட்டுப் போடும் இடத்தில், வக்கீலின் நேர்மை வாக்காளர் கண்ணில் படுவதே இல்லை.

2020 டிசம்பரில் அதே பேக்ஸ்டன், பென்சில்வேனியா, ஜார்ஜியா, மிச்சிகன், விஸ்கான்சின் ஆகிய நான்கு மாநிலங்களின் அதிபர் தேர்தல் முடிவைச் செல்லாததாக்கும்படி உச்ச நீதிமன்றம் போனார். 17 மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்கள் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். இன்னொரு மாநிலம் எப்படித் தேர்தல் நடத்துகிறது என்பதில் வழக்கிட டெக்சாஸுக்கு உரிமை இல்லை என்று சில நாட்களிலேயே நீதிமன்றம் தள்ளிவிட்டது. 1962-இலும் மாநிலங்களின் தலைமை வக்கீல்கள் இப்படித்தான் ஒன்றுகூடினார்கள். அன்று பெயர் தெரியாத ஒரு கைதிக்காக. 2020-இல் தங்கள் கட்சியின் அதிபருக்காக.

அப்படியானால் நியமனமே மேல் என்று சொல்லிவிடலாமா? டென்னசி முறையில் எனக்கு உடன்பாடில்லை. தன் முன் வாதாட வரும் வக்கீலை நீதிமன்றமே பொறுக்கி எடுப்பது சரியல்ல. நியூ ஜெர்சி சற்றுத் தேவலை: கவர்னர் நியமித்தாலும் நினைத்தபோது நீக்க முடியாது. ஆனால் அங்கேயும் ஃபோர்டைஸ் போன்ற ஒரு கவர்னர், மூர் போன்ற ஒருவரை முதலிலேயே நியமித்திருக்க மாட்டார். எனவே தேர்தல் இருக்கட்டும் என்பதே என் தீர்ப்பு. மாற வேண்டியது பணமும் பதவி ஆசையும். அந்த அலுவலகத்தோடு வழக்கிலோ விசாரணையிலோ இருக்கும் எவரும், சங்கம் வழியாகக்கூட, தேர்தலுக்கு ஒரு டாலர் தரக்கூடாது. அதோடு, பதவியை விட்டிறங்கியதும் நேரே கவர்னர் தேர்தலுக்கு ஓட முடியாதபடி ஓர் இடைவெளி வேண்டும். பில் கிளின்டன் முதல் ஜாஷ் ஷபிரோ வரை பலரும் இந்தப் படியில் ஏறித்தான் கவர்னரானார்கள், ஆசைப்படுவது தவறில்லை. ஆனால் எந்த வழக்கைப் போடுவது என்பதை அடுத்த தேர்தல் தீர்மானிக்கக்கூடாது.

அமெரிக்கக் குடியுரிமை பெற்று டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் ஜார்ஜியாவிலும் வாழும் தமிழர்கள் பல ஆயிரம் பேர். இந்த மூன்று மாநிலங்களிலும் 2026 நவம்பர் அட்டர்னி ஜெனரல் தேர்தல் மாதம். ஓட்டுச்சீட்டில் கவர்னர் பெயருக்குக் கீழே வரும் அந்த வரியைக் கட்சியை மட்டும் பார்த்து நிரப்பிவிடாதீர்கள். அவருக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பது மாநில அரசின் தேர்தல் நன்கொடைக் கணக்கில் பதிவாகியிருக்கும். ஓட்டுப் போடும் முன் அதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.