எந்தப் படத்தைச் சுருக்கலாம்?

குன்னூர்க் கடைவீதியில் நிற்கும்வரை கைபேசியில் எல்லாம் ஓடுகிறது. கோத்தகிரிச் சரிவுகளிலோ பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட்டுகளிலோ இறங்கினால், டவருக்கும் நமக்கும் நடுவே ஒரு முகடு வந்துவிடுகிறது. விநாடிக்கு 100 கிலோபிட் வேகமே கிடைக்கும் இடத்தில் 3 எம்பி புகைப்படம் வந்துசேர நான்கு நிமிடம் ஆகும். படத்தைச் சுருக்காமல் அங்கே வழியில்லை.

அதில் கிடைக்கும் லாபமும் பெரிது. 4000×3000 புள்ளிகள் கொண்ட படத்தை 720×540 ஆக்கினால் புள்ளிகள் முப்பதில் ஒரு பங்காகின்றன. தொட்டபெட்டா காட்சியையோ விடுதி அறையையோ கைபேசித் திரையில் பார்க்க இதுவே தாராளம்.

சுருக்குவது யார் என்பதில்தான் சிக்கல். ஓப்பரா மினியும், 2015இல் இந்தியாவுக்கு வந்து 2022இல் மூடப்பட்ட கூகுள் வெப் லைட்டும் நடுவில் ஒரு சர்வரை வைத்துப் பக்கங்களை இளைக்கவைத்தன. அந்தச் சர்வருக்குப் படத்தின் எடை தெரியும்; பயன் தெரியாது. இப்போது பக்கத்தை உருவாக்குபவரே ஒரு படத்தைப் பல அளவுகளில் வைக்கிறார், பிரவுசர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. இது மேலான முறை என்பேன். ஆனால் பிரவுசர் பெரும்பாலும் திரையின் அளவையும் புள்ளி நெருக்கத்தையும் பார்த்தே தேர்கிறது. நல்ல திரையும் நலிந்த சிக்னலும் உள்ளவருக்குப் பெரிய படமே போகிறது.

இதைவிட எனக்குக் கவலை தருவது, நோயைக் கண்டறிய விவசாயிகள் அனுப்பும் தேயிலை இலையின் படம். மழைக்காலத்தில் வரும் கொப்புள நோய், இளங்கொழுந்தில் வெளிர்மஞ்சள் பொட்டாகத் தொடங்குகிறது. கொப்புளம் பிறகே எழும்புகிறது. அந்தப் பொட்டு நிலையிலேயே நோயைக் கண்டுகொள்ள வேண்டும். மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்ந்து காணும்; நிற வேறுபாட்டில் அவ்வளவு கூர்மை இல்லை. அதனால் புகைப்படங்களைச் சுருக்கும் ஜேபெக் முறை நிறத் தகவலைத்தான் அதிகம் கழிக்கிறது. பச்சைக்குள் இருக்கும் சிறு மஞ்சள், முதலில் கரைந்துபோகக்கூடியது. படத்தைப் பார்க்கும் வேளாண் அலுவலர் இலை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அவரைக் குறைசொல்ல முடியாது.

பசுந்தேயிலை விலையைப் படமாக அனுப்பும் வழக்கமும் வேண்டாத சுமை. ஒரு வரி எழுத்துக்குச் சில நூறு பைட்டுகள் போதும். சுருக்கினாலும் எண் மங்காது.

சுருக்கும் முறையை நான் எதிர்க்கவில்லை. எல்லாப் படத்தையும் ஒரே கத்தியால் வெட்டுவதையே எதிர்க்கிறேன். சிறு தேயிலை விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள்: நோயுற்ற இலையை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அப்போது படம் சுருங்காது. சிக்னல் உள்ள மேட்டுக்கு வந்தபின் அனுப்பினாலும் பரவாயில்லை.