லியூ ருஷியை யார் படிப்பது?

சென் யின்கே, தாங் காலச் சீன வரலாற்றில் பெரிய பெயர். 1940களிலேயே பார்வை போய்விட்டது. அறுபதைத் தாண்டிய வயதில், குவாங்சோவில் உட்கார்ந்துகொண்டு, பதினேழாம் நூற்றாண்டுக் கணிகையும் கவிஞருமான லியூ ருஷியின் வாழ்க்கையைப் பத்து வருடங்களாகச் சொல்லச் சொல்ல, உதவியாளர் ஹுவாங் ஷுவான் எழுதினார். 1964இல் முடிந்த புத்தகம் 1980இல்தான் வெளிவந்தது. அதற்குள் சென் இறந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது.

இந்தப் புத்தகம் மறைமுக அரசியல் என்று சொல்வார்கள். காரணம் இருக்கு. லியூ ருஷியின் கணவர் சியான் சியான்யி பெரிய அறிஞர். 1645இல் நான்ஜிங்கில் மஞ்சூரியப் படையிடம் சரணடைந்தவர். குளத்தில் குதித்துச் செத்துவிடலாம் என்று மனைவி கூப்பிட, தண்ணீர் ரொம்ப சில்லென்று இருக்கிறதே என்று கணவர் பின்வாங்கியதாக ஒரு கதை உண்டு. புதிய ஆட்சி வந்தால் அறிஞன் என்ன செய்வது என்ற கேள்வி 1950களின் சீனாவில் யாருக்குத்தான் புரியாது? 1953இல் பெய்ஜிங்கில் ஆய்வு நிறுவனப் பொறுப்புக்கு அழைத்தபோது, அங்கே மார்க்சியம் கட்டாயம் இல்லையென்றால் வருகிறேன் என்று நிபந்தனை போட்டவர் சென். போகவே இல்லை.

இப்படி வாசிக்கக் காட்டித்தந்தவர் யூ யிங்ஷி. பதினெட்டாம் நூற்றாண்டில் சென் துவான்ஷெங் என்ற பெண் எழுதிய கதைப்பாடலைப் பற்றிய சென் யின்கேயின் கட்டுரை சைக்ளோஸ்டைல் பிரதியாக அவர் கைக்கு வந்தது. அதற்குள் இருந்த நிகழ்காலத் துயரத்தை 1958இல் ஹாங்காங் இதழ் ஒன்றில் எடுத்துக்காட்டினார்.

எனக்கு இடிக்கிற இடம் இதுதான். 1965 நவம்பரில் ஷாங்காய் நாளிதழில் யாவ் வென்யுவான் செய்ததும் இதே வாசிப்புதானே? வரலாற்றாசிரியர் வூ ஹான் எழுதிய நாடகம், மிங் கால நேர்மையான அதிகாரி ஹாய் ரூய் பதவி இழந்த கதை. யாவ் அதற்குள் இன்றைய அரசின் மீதான தாக்குதலைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே மாவோ, 1959இல் தான் நீக்கிய பெங் டெஹுவாய்தான் அந்த ஹாய் ரூய் என்றார். வூ ஹான் 1969 அக்டோபரில் சிறையில் இறந்தார். சென் யின்கே இறந்ததும் அதே மாதம்தான்.

அன்பாக வாசித்தவரும் வேட்டைக்கு வாசித்தவரும் ஒரே சாவியைப் போட்டுத்தான் திறந்தார்கள். இருவருக்கும் பழைய கதை ஒரு உறை. கடிதத்தை எடுத்த பிறகு உறை எதற்கு? ஆனால் சென்னின் புத்தகத்தை நிதானமாகப் பார்த்தால் இந்தக் கணக்கு உதைக்கிறது. லியூ ருஷி மாற்றிக்கொண்டே போன பெயர்களைத் துப்பறிய மட்டும் ஒரு அத்தியாயம். சியானின் நூல்களைப் பின்னால் சியான்லுங் பேரரசர் தடைசெய்துவிட்டதால், மிச்சம் கிடந்த வரிகளிலிருந்து ஒவ்வொரு தேதியையும் மீட்கிறார். நடப்பு அரசியலை ரகசியமாகத் திட்டுவதற்கு மூன்று தொகுதி தேவையே இல்லை.

அந்தப் பொறுமையைத்தான் நான் அவருடைய அரசியல் என்பேன். ஒரு கூட்டம், ஒரு சுவரொட்டி போதும், ஒரு மனிதனுக்குத் தீர்ப்பு எழுதிவிடலாம் என்றிருந்த காலம் அது. சரணடைந்த சியானை அவர் ஒரேயடியாகத் தூக்கிலும் போடவில்லை, விடுதலையும் செய்யவில்லை. பின்னாளில் கணவனும் மனைவியும் மஞ்சு எதிர்ப்பாளர்களுக்கு ரகசியமாக உதவியதையும் சேர்த்து எழுதுகிறார். ஒரு பெண்ணுக்கு, பேரரசர்களுக்குத் தரும் அதே கவனத்தைத் தருகிறார்.

எந்தக் கதையைப் படித்தாலும் ‘இது யாரைச் சொல்லுது?’ என்று முதலில் கேட்பது நமக்கும் பழக்கமாகிவிட்டது. இந்தப் புத்தகத்தில் முதலில் லியூ ருஷியைத் தேடுங்கள். மாவோ காலம் தானாகவே பக்கத்தில் வந்து நிற்கும்.