நாவின் இரு நரம்புகளும் கலைச்சொல்லாக்கமும்

தலை, கழுத்து உடற்கூற்றியற் கலைச்சொல்லாக்கத்தில் மூலச்சொல்லின் பொருளை மட்டும் பெயர்த்தல் போதாது. 'லிங்குவல்' என்பதை நாநரம்பு என்றும் 'ஹைப்போகிளாசல்' என்பதை நாவடி நரம்பு என்றும் பெயர்ப்பது மூலத்துக்கு இயைந்ததே. ஆயினும் இரண்டன் பணி வேறுபாடு அதனால் விளங்குவதில்லை. முன்னது 5ஆம் மூளை நரம்பின் கிளை. நாவின் முன் மூன்றில் இரு பகுதியின் தொடுவுணர்வையும், 7ஆம் நரம்பினின்று வந்து சேரும் இழைகள் வழியே சுவையையும் கடத்துவது. பின்னது 12ஆம் நரம்பு, நாவை அசைப்பது. கீழ்த்தாடை ஞானப்பல்லை அகற்றுகையில் ஊறுபடக்கூடியது முன்னதே. ஒப்புதல் படிவத்தில் 'நாக்கு நரம்பு பாதிக்கப்படலாம்' என்று மட்டும் எழுதினால், நா அசையாது போகுமென நோயாளி அஞ்சக்கூடும். மரத்துப்போதலையும் சுவையிழப்பையும் எதிர்பாரார். எனவே நாவுணர் நரம்பு, நாவியக்க நரம்பு எனப் பணியால் பெயரிடுதலே பொருந்தும். இருப்பிடம் சுட்டும் பெயரை மாணவர் நூல்களில் உடன் தரலாம்.