காலையில் அருவி, மாலையில் ஒயின்

டொராண்டோவிலிருந்து கிளம்பும் நயாகரா ஒருநாள் வேன் சுற்றுலாக்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. காலையில் அருவியும் படகும். சாப்பாட்டுக்குப் பிறகு நயாகரா-ஆன்-த-லேக் பக்கம் இரண்டு மூன்று ஒயின் ஆலைகள். இருட்டியதும் வீடு. ஊரிலிருந்து வந்த உறவினரைத் தம் காரிலேயே கூட்டிப்போகும் ஸ்கார்பரோ தமிழர்களும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் சுற்றுகிறார்கள்.

இந்த வேன் ஏற்பாட்டைக் குறைசொல்லுமுன் அதன் பெரிய நன்மையை ஒப்புக்கொள்ள வேண்டும்: வண்டி ஓட்டுபவர் குடிப்பதில்லை. ஒன்டாரியோவில் 100 மி.லி. ரத்தத்தில் ஆல்கஹால் 50 மி.கி.யைத் தொட்டாலே ஓட்டுநர் உரிமம் சில நாள் கையைவிட்டுப் போகும். 80 ஆனால் குற்ற வழக்கு. ஓர் ஆலைக்கு மூன்று நான்கு மிடறு என்று மூன்று ஆலைகளில் ருசி பார்த்தவர் தன்னை நம்பி ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது. நல்ல வழிகாட்டி ருசிக்கும் முறையையும் சொல்லித்தருவார். இனிப்பில்லாததில் தொடங்கி இனிப்பானதில் முடிக்க வேண்டும், எல்லாவற்றையும் விழுங்க வேண்டியதில்லை, துப்பக் கிண்ணம் இருக்கிறது என்பதையெல்லாம் கூச்சமில்லாமல் சொல்ல ஓர் ஆள் வேண்டும்தானே.

என் குறை வேறு. அருவியும் ஒயினும் இரண்டு தனித்தனிச் சரக்குகளாக விற்கப்படுகின்றன. இரண்டையும் உண்டாக்கியது ஒரே பாறைச்சரிவு. மேலே கெட்டியான டோலோமைட் பாறை, அடியில் எளிதில் உதிரும் ஷேல். கீழ்ப்பாறை அரிக்கப்பட, மேல்பாறை தாங்கலின்றி உடைந்து விழும். அதனால் சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் நயாகரா ஆற்றோர ஊரான குயின்ஸ்டனில் இருந்த அருவி, 11 கிலோமீட்டர் பின்வாங்கி இன்றைய இடத்துக்கு வந்திருக்கிறது. அது விட்டுப்போன தடம்தான் ஆற்றின் ஆழ்பள்ளத்தாக்கு. அதே சரிவு மேற்கே ஹாமில்டன் வரை நீண்டு, ஒன்டாரியோ ஏரியிலிருந்து வரும் காற்றைத் தடுத்துத் திருப்பிவிடுகிறது. ஏரிக்கும் சரிவுக்கும் நடுவே குளிரின் கடுமை தணிவதால்தான் ரீஸ்லிங், கபர்னே ஃபிராங்க் போன்ற திராட்சை வகைகள் அங்கே விளைகின்றன.

வேன் இந்தக் கதையின் மேலேயே ஓடுகிறது என்பதுதான் வேடிக்கை. அருவியிலிருந்து ஆலைகளுக்குப் போகும் நயாகரா பார்க்வே, அருவி நடந்த பாதையைத் தலைகீழாகத் திரும்ப நடக்கிறது. குயின்ஸ்டனில் சாலை சரிவிலிருந்து இறங்குகிறது. இறங்கியதும் திராட்சைத் தோட்டங்கள் தொடங்குகின்றன. அன்றைய நாளின் சிறந்த பாடம் அந்த இறக்கத்தில் இருக்கிறது. நான் பார்த்த வரையில், பயணிகள் உண்ட மயக்கத்தில் கண்ணயரும் நேரமும் அதுதான். வழிகாட்டி வழியிலுள்ள மலர்க்கடிகாரத்தைக் காட்டிவிட்டு ஒலிவாங்கியை வைத்துவிடுகிறார்.

அருவியைப் பற்றிய பேச்சிலும் ஓர் ஓட்டை உண்டு. இயற்கையின் பேராற்றல் என்று வர்ணிக்கப்படும் நீர், 1950ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அளந்து விடப்படுவது. சுற்றுலாப் பருவத்தின் பகல் நேரத்தில் நொடிக்குக் குறைந்தது 1,00,000 கன அடி; மற்ற நேரங்களில் அதில் பாதி. மிச்சம் இரு கரைகளின் மின்நிலையங்களுக்குப் போகிறது. இதைச் சொன்னால் அருவியின் மதிப்பு குறையும் என்று பயப்படுகிறார்களோ என்னவோ. என் கண்ணில் அதன் மதிப்பு கூடத்தான் செய்தது.

ஒயின் பக்கம் ஐஸ் ஒயின் எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது. 1975இல் டொனால்ட் சிரால்டோவும் கார்ல் கைசரும் உரிமம் பெற்றுத் தொடங்கிய இன்னிஸ்கிலின் ஒயின் ஆலை, 1991இல் பிரான்ஸின் வினெக்ஸ்போவில் தன் ஐஸ் ஒயினுக்கு உயர் பரிசு வாங்கியது. அன்றிலிருந்து இந்த மோகம். கொடியிலேயே உறைந்த பழத்தை மைனஸ் 8 டிகிரிக்குக் கீழே பறித்துப் பிழிவது உண்மையிலேயே அரிய வேலைதான். பாயசத்துக்குப் பழகிய நம் நாக்குக்கும் அது உடனே பிடிக்கும். ஆனால் சின்னக் குப்பியைப் பெரிய விலைக்கு விற்பதிலேயே நிறுத்தம் முடிந்துவிட்டால், அந்த மண்ணில் விளையும் ரீஸ்லிங்கைக் கவனிக்க ஆளில்லை. விக்யூஏ என்ற தரமுத்திரையுள்ள குப்பியில் ஒன்டாரியோத் திராட்சை மட்டுமே இருக்கும். மலிவான கலவைகளில் இறக்குமதி ஒயினும் சேரும். இந்த ஒரு வரியைச் சொல்லாத வழிகாட்டிக்கு நான் டிப்ஸ் கொடுக்க யோசிப்பேன். சொல்லப்படாதது இன்னொன்றும் உண்டு: பருவகாலத் தொழிலாளர் திட்டத்தில் 1966 முதல் ஜமைக்காவிலிருந்தும், பிறகு மெக்சிகோவிலிருந்தும் ஒன்டாரியோ வயல்களுக்கு வருகிறவர்கள் ருசிக்கூடத்துப் பேச்சில் இடம்பெறுவதே இல்லை.

மாற்று இல்லாமல் இல்லை. ஜோர்டான் என்ற ஊருக்கு அருகே பால்ஸ் ஃபால்ஸ் என்ற சிற்றருவி இருக்கிறது. அதே சரிவிலிருந்து விழுகிறது. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். பழைய மாவு ஆலையும் நடைபாதையும் இருப்பதால் குடிக்காதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பொழுது போகும். கோடையில் நீர் மெலிந்துவிடும், உண்மை. ஆனால் ஒரே நாள்தான் இருக்கிறது என்று யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்தவரைக் குதிரைலாட அருவியைக் காட்டாமல் திருப்பியனுப்பினால் உறவே முறிந்துபோகும். அவருக்கு வழக்கமான வேனே போதும். குயின்ஸ்டன் இறக்கத்துக்கு முன் பத்து நிமிடம் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.