சொல் புரியாவிட்டால் என்ன? காக்டோ ட்வின்ஸைக் கேட்கும் முறை

பாட்டு கேட்டு வளர்ந்த தமிழருக்கு ஒரு பழக்கம் உண்டு. மெட்டு காதில் விழுந்த கையோடு, யார் எழுதியது, என்ன சொல்கிறது என்று மனம் விசாரிக்கத் தொடங்கிவிடும். காக்டோ ட்வின்ஸ் என்ற ஸ்காட்லாந்து இசைக்குழுவிடம் இந்த விசாரணை செல்லாது. அதன் பாடகி எலிசபெத் ஃப்ரேசர் பாடுவது ஆங்கிலம்தானா என்றே பல இடங்களில் சந்தேகம் வரும். ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களுக்கும் இதே கதிதான். ஆக, இவர்கள் முன்னால் லண்டன்காரரும் மதுரைக்காரரும் சமம்.

1980களில் பிரிட்டனின் ஆல்டர்நேட்டிவ் பாப் இசையில் இவர்களைப் போல் இரண்டு நொடியில் அடையாளம் தெரிந்துவிடும் ஒலி கொண்டவர்கள் குறைவு. முதல்முறை கேட்பவர்களில் பாதிப் பேர் 'அழகாக இருக்கிறது, ஆனால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே' என்பார்கள். எங்கே காது வைப்பது என்று தெரிந்துகொண்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும்.

மூன்று பேர், ஒரு டிரம் மெஷின்

ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத், அன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கிய துறைமுக ஊர். 1979இல் அங்கே ராபின் கத்ரி கிதாரும் வில் ஹெகி பேஸ் கிதாருமாகக் குழுவைத் தொடங்கினார்கள். பதின்வயதுப் பெண்ணான ஃப்ரேசர் பிறகு வந்து சேர்ந்தார். டிரம்ஸ் வாசிக்க ஆள் கிடையாது, டிரம் மெஷின்தான். லண்டனில் ஐவோ வாட்ஸ்-ரசல் நடத்திய ஃபோர் ஏடி என்ற சிறு நிறுவனம் 1982இல் 'கார்லண்ட்ஸ்' என்ற முதல் ஆல்பத்தை வெளியிட்டது.

அடுத்த ஆண்டு ஹெகி விலக, சைமன் ரேமண்ட் வந்தார். அவருடைய தந்தை ஐவர் ரேமண்ட், டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் பாடல்களுக்கு இசைக்கோவை அமைத்தவர். அந்த வீட்டு மெல்லிசை வாசனை மகன் வழியாகக் குழுவுக்குள் நுழைந்தது. இந்த மூவரும் 1997இல் பிரியும்வரை சேர்ந்தே இருந்தார்கள். மொத்தம் எட்டு ஸ்டுடியோ ஆல்பங்கள். அவற்றுக்கு நடுவே நான்கைந்து பாடல்கள் அடங்கிய ஈபி தட்டுகள் பல.

முதலில் 1990

முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாகக் கேட்க வேண்டும் என்ற கடமை உணர்ச்சி இங்கே வேண்டாம். 'கார்லண்ட்ஸ்' இருண்ட, இறுக்கமான ஆல்பம். அதில் தொடங்கினால் அங்கேயே நின்றுவிடக்கூடும். 1990இல் வந்த 'ஹெவன் ஆர் லாஸ் வேகஸ்' ஆல்பத்தை எடுங்கள். பத்துப் பாடல்கள், நாற்பது நிமிடத்துக்கும் குறைவு. போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அதில் பேஸ் கிதார் காணாமல் போய்விடும். ஓரளவு நல்ல ஹெட்போன் போதும்.

முதல் பாடல் 'செர்ரி கலர்டு ஃபங்க்'. இந்த ஒரே பாடலை மூன்று முறை கேளுங்கள், ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் தொடர்ந்து.

முதல் முறை, குரல். தொடக்கத்தில் ஃப்ரேசர் தாழ்ந்த சுருதியில், கிட்டத்தட்ட முணுமுணுப்பாகப் பாடுகிறார். பல்லவிக்கு வந்ததும் குரல் ஒரே தாவலில் உச்சிக்குப் போய்விடுகிறது. பாடுவது இரண்டு பெண்களோ என்று தோன்றும். ராக ஆலாபனையில் 'த, ரி, ந' என்ற அசைகளை வைத்துக்கொண்டு பாடகர் எங்கே நிற்கிறார், எங்கே ஏறுகிறார் என்று கவனிக்கிறோமே, அந்தக் காதை இங்கே கொண்டுவாருங்கள். மெய்யெழுத்து வல்லினமாக விழும் இடத்தில் குரலே தாளம் போடும்; உயிரெழுத்து நீளும் இடத்தில் மெட்டு விரியும். இது தற்செயல் இல்லை. தனக்குத் தெரியாத மொழிகளின் புத்தகங்களிலும் அகராதிகளிலும் ஒலி பிடித்த சொற்களைப் பொறுக்கியெடுத்துப் பாடியதாக ஃப்ரேசரே சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் முறை, கிதார். கத்ரி வேகவிரல் வித்தைக்காரர் அல்ல. அவருடைய வேலை கிதாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் நடக்கிறது. கோரஸ், டிலே, டிஸ்டார்ஷன் போன்ற கருவிகள் வழியாக ஒரே ஸ்வரத்தைப் பல நகல்களாக்கி, சற்றே விலக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். தந்தியைத் தட்டும் ஓசை மறைந்து, ஒலி எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் போகிறது. கீபோர்டு என்று நீங்கள் நினைக்கும் இடங்களில் பாதி கிதாராகவே இருக்கும்.

மூன்றாம் முறை, கீழ்த்தளம். மேலே குரலும் கிதாரும் மிதந்துகொண்டிருக்க, கீழே டிரம் மெஷின் இம்மியும் பிசகாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. ரேமண்டின் பேஸ் அதன்மேல் தனி மெட்டாக நடக்கிறது. அந்த விறைப்பு இல்லாவிட்டால் மேலே இருக்கும் மிதப்பு வெறும் புகையாகக் கலைந்திருக்கும். இவர்களைப் பின்பற்ற முயன்ற பலர் தவறவிட்டது இந்தக் கீழ்த்தளத்தைத்தான்.

ஆல்பத்தின் பின்னணியும் தெரிந்திருப்பது நல்லது. ஃப்ரேசரும் கத்ரியும் அப்போது தம்பதிகளாக வாழ்ந்தார்கள். 1989இல் மகள் பிறந்திருந்தாள். கத்ரி போதைப் பழக்கத்தில் சிக்கியிருந்தார். ரேமண்டின் தந்தை அந்தக் காலத்தில்தான் இறந்தார். பிறப்பும் இறப்பும் சிதைவும் ஒரே ஸ்டுடியோவில் நடந்தும், ஆல்பத்தில் புகார் ஒன்றுகூட இல்லை. பிரிட்டன் பட்டியலில் அது 7ஆம் இடம்வரை போனது.

பிறகு பின்னோக்கி

இரண்டாவதாக 'விக்டோரியாலேண்ட்' (1986). அண்டார்டிகாவில் உள்ள ஒரு நிலப்பகுதியின் பெயர் இது. அந்தச் சமயத்தில் ரேமண்ட் வேறு பணியில் இருந்ததால் ஃப்ரேசரும் கத்ரியும் இருவராகச் செய்தார்கள். டிரம் மெஷின் அநேகமாக இல்லை. விருந்தாளியாக வந்த ரிச்சர்ட் தாமஸ் சாக்ஸஃபோனும் தபலாவும் வாசித்திருக்கிறார். 'லேஸி காம்' என்ற முதல் பாடலில் குரல் நுழைய நெடுநேரம் ஆகும். பொறுமையாக இருங்கள், அதற்குள் கத்ரியின் கிதார் அடுக்குகளை எண்ணக் கற்றுக்கொண்டுவிடுவீர்கள். இதே ஆண்டில் அமெரிக்கப் பியானோ கலைஞர் ஹரால்ட் பட்டுடன் சேர்ந்து செய்த 'தி மூன் அண்ட் தி மெலடீஸ்' ஆல்பத்தையும் தொடர்ந்து கேட்கலாம்.

மூன்றாவது 'ட்ரெஷர்' (1984). பாடல்களின் தலைப்புகள் எல்லாம் ஆட்களின் பெயர்கள் போலவே இருக்கும்: ஐவோ, லொரலை, பண்டோரா. ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் இந்த ஆல்பம், அவசரத்தில் முடித்தது என்று குழுவினருக்கே அவ்வளவாகப் பிடிக்காது. அந்தத் தகராறில் நீங்கள் 'லொரலை'யைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். என் ஓட்டு ரசிகர்களுக்கு.

ஈபிக்களை விட்டுவிடாதீர்கள். 1984இன் 'பெர்லி டியூட்ராப்ஸ் ட்ராப்ஸ்' பிரிட்டன் சிங்கிள் பட்டியலில் 29ஆம் இடம் பிடித்தது. அதுவே அவர்களுடைய ஆகப் பெரிய சிங்கிள் வெற்றி. ஃபோர் ஏடியின் கூட்டுக்குழுவான திஸ் மார்ட்டல் காயிலுக்காக டிம் பக்லியின் 'சாங் டு தி சைரன்' பாடலை ஃப்ரேசரும் கத்ரியும் 1983இல் பதிவு செய்தார்கள். அதில் ஃப்ரேசரின் குரலுக்கு ஒட்டி நிற்பது ஏறக்குறைய ஒரு கிதார் மட்டும். சொற்களும் தெளிவாகக் கேட்கும். வாய் திறந்து பாடத் தெரியாததால் அவர் மழுப்பினார் என்ற ஐயம் யாருக்காவது இருந்தால், இந்த ஒரு பதிவு போதும்.

வரிகளைத் தேடிப் போகாதீர்கள்

இணையத்தில் இவர்களுடைய பாடல் வரிகள் கிடைக்கும். பெரும்பாலும் அவை ரசிகர்களின் ஊகம். ஒரு தளத்தில் இருப்பது இன்னொரு தளத்தில் இருக்காது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் காது எழுத்துக்கூட்டத் தொடங்கிவிடும், குரல் கை நழுவும்.

சொல்லைச் சாராத இந்த மெட்டுகள் மொழி தாண்டிப் போனதில் வியப்பில்லை. 1994இல் பாடகி ஃபே வோங் காக்டோ ட்வின்ஸின் 'புளூபியர்ட்' பாட்டைக் கான்டனீஸில் பாடினார். பிறகு 1996இல் வந்த ஃபே வோங்கின் ஆல்பத்துக்கு இவர்களே இரண்டு பாடல்களை அமைத்துக் கொடுத்தார்கள். 2011இல் கனடாவின் பாடகர் தி வீக்எண்ட் தன் 'தி நோயிங்' பாடலில் எடுத்தாண்ட துணுக்கு, நீங்கள் மூன்று முறை கேட்ட அதே 'செர்ரி கலர்டு ஃபங்க்'.

கடைசியாகக் கேட்க வேண்டியது

ஃபோர் ஏடியை விட்டு விலகிய பிறகு 1993இல் 'ஃபோர் கேலண்டர் கஃபே' வந்தது. அதற்குள் ஃப்ரேசரும் கத்ரியும் பிரிந்துவிட்டார்கள். கத்ரி போதையிலிருந்து மீளச் சிகிச்சை எடுத்திருந்தார். பிரிந்த இருவரும் ஒரே ஸ்டுடியோவில் நின்று செய்த ஆல்பம் இது. இதில் ஃப்ரேசர் புரியும்படி பாடுகிறார். உறவைப் பற்றி, தன்னைப் பற்றி, நேரடியான ஆங்கிலச் சொற்களில். பழைய மாயம் போய்விட்டது என்று அப்போது பல ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். அடுத்து 'மில்க் அண்ட் கிஸ்ஸஸ்' (1996), அதற்கடுத்த ஆண்டு குழுவே இல்லை. 2005இல் கோச்செல்லா இசை விழாவில் மீண்டும் சேரப்போவதாக வந்த அறிவிப்பும் ரத்தானது.

'ஃபோர் கேலண்டர் கஃபே'யைக் கடைசிக்கு வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. முதலிலேயே கேட்டால் இது நல்ல பாப் ஆல்பங்களில் இன்னொன்று, அவ்வளவே. பத்தாண்டுக் காலம் சொற்களை ஒலிக்குள் பூட்டி வைத்திருந்த ஒருவரின் பாடல்களைக் கேட்டுப் பழகிவிட்டு இங்கே வந்தால், சாதாரணமான ஒரு ஆங்கிலச் சொல் தெளிவாக விழும்போது திடுக்கிடும். மறைத்து வைப்பது அவருக்கு அலங்காரமாகவும் இருந்தது, பாதுகாப்பாகவும் இருந்தது. அந்தப் பாதுகாப்பை அவர் ஏன் எடுத்தார் என்பதை அதுவரை கேட்ட பாடல்களை வைத்து நீங்களே ஊகிக்கலாம்.