ஷென்ஸ்டன் பாணி: ஆளில்லா விமானம் ஏறிய மோட்டார் சைக்கிள் எஞ்சின்

ரோட்டரி எஞ்சின் செய்தவர்களை நாடு வாரியாகவோ கம்பெனி வாரியாகவோ பிரித்துப் பேசுவது வழக்கம். ரோட்டாரின் சூட்டை யார் எப்படித் தணித்தார்கள் என்று பார்த்தால்தான் பாணிகள் பிடிபடும் என்பது என் கட்சி. பிஸ்டனும் வால்வும் இல்லாத எஞ்சின் இது. இடுப்பு லேசாக ஒடுங்கிய அறைக்குள் முக்கோண ரோட்டார் சுற்றும். அது ஒரு சுற்று முடிப்பதற்குள் தண்டு மூன்று சுற்று சுற்றிவிடும். தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. மேலும் கீழும் போய்வரும் பாகம் கிடையாது என்பதால் அதிர்வு மிகக் குறைவு. ஆனால் வெடிப்பு எப்போதும் அறையின் ஒரே பக்கத்தில்தான் நடக்கும். அந்தப் பக்கம் கொதிக்கும், மறுபக்கம் ஆறிக் கிடக்கும், நடுவில் அடைபட்ட ரோட்டார் வேகும்.

ஃபெலிக்ஸ் வாங்கெல் கண்டுபிடித்த இந்த எஞ்சின் 1957-இல் ஜெர்மனியின் என்எஸ்யு தொழிற்சாலையில் முதன்முதலாக ஓடியது. என்எஸ்யுவும் ஜப்பானின் மாஸ்டாவும் ரோட்டாருக்குள் எண்ணெயைப் பாய்ச்சின. காருக்கு அது சரிப்படும்; பம்பு, கூலர், கூடுதல் சீல் என்று ஏறும் எடையைக் கார் தாங்கும். ஜெர்மனியின் இன்னொரு கம்பெனியான ஃபிக்டல் அண்டு சாக்ஸ் போன வழி வேறு. எரியப் போகிற பெட்ரோல் கலவையையே முதலில் ரோட்டாரின் வயிற்றுக்குள் விட்டு எடுத்தார்கள். எடை மிச்சமானது. ஆனால் சூடேறி விரிந்த கலவை அறைக்குள் குறைவாகவே போகும், சக்தி அடிபடும். 1974-இல் வந்த ஹெர்குலிஸ் டபிள்யூ 2000 மோட்டார் சைக்கிள் இந்த ரகம்.

மூன்றாவது பாணி இங்கிலாந்துடையது. 1969 வாக்கில் பிஎஸ்ஏ மோட்டார் சைக்கிள் கம்பெனியில் டேவிட் கார்சைட் என்ற எஞ்சினியர் ஒரு சாக்ஸ் எஞ்சினை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். பிஎஸ்ஏ நொடித்தது, வேலை இன்னொரு மோட்டார் சைக்கிள் கம்பெனியான நார்ட்டனுக்குக் கைமாறி, லிச்ஃபீல்டு அருகே ஷென்ஸ்டன் என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தது. இரண்டு ரோட்டார், 588 சிசி. இதில் ரோட்டாருக்குள் போவது வெறும் காற்று, பெட்ரோல் சேராது. ரோட்டாரைக் குளிர்வித்துச் சூடேறிய அந்தக் காற்று, வண்டியின் உள்ளீடற்ற எஃகுச் சட்டத்துக்குள் புகுந்து ஆறிய பிறகுதான் கார்புரேட்டருக்குப் போகும். போலீசுக்காகச் செய்த இன்டர்போல் 2 வண்டியில் சட்டமே காற்றறையாகவும் வேலை செய்தது. பிறகு நார்ட்டன் எஞ்சினியர் பிரையன் கிரைட்டன் தயாரித்த பந்தய வண்டியில் புகைபோக்கியின் உறிஞ்சலைக் கொண்டே ரோட்டாருக்குத் தனிக் காற்று இழுத்தார்கள். எரியும் கலவை குளிர்ச்சியாகவே போனது. 1992-இல் ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி பந்தயத்தை ஸ்டீவ் ஹிஸ்லாப் வென்றது நார்ட்டன் ரோட்டரியில்தான்.

அதே 1992-இல் நார்ட்டனின் விமான எஞ்சின் பிரிவு ஷென்ஸ்டனிலேயே யுஏவி எஞ்சின்ஸ் என்ற தனிக் கம்பெனி ஆனது. இரண்டு ரோட்டாரில் ஒன்றைக் கழித்தால் 294 சிசி ஒற்றை ரோட்டார் எஞ்சின் கிடைக்கும். ஏஆர் 731, ஏஆர் 741 இரண்டும் அதைவிடச் சிறிய ஒற்றை ரோட்டார் எஞ்சின்கள்: 208 சிசி, 38 குதிரைத்திறன். அமெரிக்க ராணுவத்தின் ஆளில்லா உளவு விமானமான ஷேடோவைத் தள்ளியது ஏஆர் 741. இஸ்ரேலின் ஹெர்மீஸ் 450, அதிலிருந்து பிறந்த பிரிட்டனின் வாட்ச்கீப்பர் இரண்டிலும் இதே பட்டறையின் பெரிய எஞ்சின்கள். நார்ட்டன் எஞ்சினின் இன்னொரு கிளை மிட்வெஸ்ட் கம்பெனி வழியாக ஆஸ்திரியாவுக்குப் போய், ஷீபெல் கேம்காப்டர் என்ற ஆளில்லா ஹெலிகாப்டரில் ஏறியது.

சாலையில் தோற்ற எஞ்சின் வானத்தில் எடுபட்டது எப்படி? எஞ்சின் மாறவில்லை, அளவுகோல் மாறியது. பெட்ரோலை அதிகம் குடிக்கிறது, ரோட்டாரின் மூன்று முனை சீல்களும் தேய்கின்றன என்று மோட்டார் சைக்கிள்காரர் புகார் சொல்வார். முனை சீல் என்பது ஒரு மெல்லிய பட்டைதான். அறைச் சுவரோடு ஒட்டியே ஓடவேண்டும், எண்ணெயோ சொட்டுக் கணக்கில்தான் கிடைக்கும். அது தடதடத்தால் சுவரில் வரிவரியாகத் தழும்பு விழும். சாலை வண்டிக்கு இது ஆயுள் பிரச்சினை. ராணுவப் பட்டறையில் எஞ்சினைச் சில நூறு மணிக்கொரு தடவை பிரிப்பதே நடைமுறை என்பதால் அங்கே இது யாரையும் உறுத்தாது. அவர்கள் கேட்பது இரண்டு: கேமரா நடுங்கக் கூடாது, எடை ஏறக் கூடாது. இரண்டிலும் ரோட்டரிக்கு முழு மதிப்பெண். சத்தத்தில் மட்டும் மதிப்பெண் குறையும்; ஷேடோ வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன் காதுக்குத் தெரியும்.

ஹார்ப்பி விஷயம் இன்னும் விசித்திரம். ரேடாரைத் தேடிப் போய் மோதி வெடிக்கும் இஸ்ரேலிய ஆயுதம் அது. அதிலும் ஏஆர் 731. எஞ்சினின் ஆயுள் ஒரே பயணம். போலீஸ் வண்டிக்காகக் கார்சைட் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இது உவப்பாக இல்லை.

இந்தியாவும் இந்தப் பாணியில் கைவைத்தது. டிஆர்டிஓவின் நிசாந்த் ஆளில்லா விமானம் லாரியிலிருந்து உந்திவிடப்பட்டு, பாராசூட்டில் இறங்குவது. எடை குறைவான எஞ்சின் இல்லாமல் அது நடக்காது. முதலில் இறக்குமதி செய்த ஏஆர் 801. பிறகு அகமதுநகரின் வாகன ஆராய்ச்சி நிலையமான விஆர்டிஇயும் பெங்களூரின் விமான ஆய்வகமான என்ஏஎல்லும் சேர்ந்து செய்த 55 குதிரைத்திறன் எஞ்சின். 2009 ஏப்ரலில் கோலார் அருகே அது நிசாந்தில் பறந்தது. விமானத்தை ராணுவம் 2015-இல் கைவிட்டது. இங்கேயே வார்த்து, கடைந்து, சுவருக்குப் பூச்சும் போட்டுப் பறக்கவிட்ட கைவேலையை அதோடு சேர்த்துக் கழித்துவிடக் கூடாது.

ரோட்டாரின் சூட்டுக்குக் கார்சைட் பிறகு சொன்ன வழியை வைத்தும் லிச்ஃபீல்டிலேயே ஒரு கம்பெனி உருவானது. சீல்களைத் தாண்டிக் கசியும் வாயுவை வீணாக்காமல் உள்ளேயே அழுத்தத்தில் தேக்கிச் சுற்றவிட்டு, வெளியே ஒரு கூலரில் ஆற்றி, மறுபடி ரோட்டாருக்குள் அனுப்புவது. அழுத்தம் கூடினால் வாயு அடர்த்தியாகும், சூட்டை நன்றாக வாங்கும்.

இப்போது எல்லாப் பாணிக்கும் ஒரே பரீட்சை, எரிபொருள். போர்க்கப்பல் தளத்தில் பெட்ரோல் வைத்திருக்கக் கடற்படைகளுக்கு விருப்பமில்லை. ஜெட் விமான மண்ணெண்ணெயில் ஓடு என்கிறார்கள். ரோட்டரியின் அறையோ நீண்டு தட்டையானது. டீசல் எஞ்சின்போல வெறும் அழுத்தத்தில் பற்றவைப்பது அதில் மிகக் கடினம், ஸ்பார்க் பிளக் வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் சீக்கிரம் ஆவியாகாத மண்ணெண்ணெய்க்குப் பொறி வைப்பதுதான் இன்றைய பட்டறைகளின் தலைவலி.