இரண்டு கச்சேரிகள்

கச்சேரி என்றால் உங்களுக்கு டிசம்பர் சீசனும் சபா கேன்டீனும் ஞாபகம் வரும். தாத்தா காலத்தில் 'கச்சேரிக்கு இழுத்துடுவேன்' என்றால் கோர்ட்டுக்கு என்று அர்த்தம். இரண்டையும் ஒன்றாக்கியது டெலிவிஷன். 2008ல் ஸ்டார் பிளஸ்ஸில் 'ஆப் கி கச்சேரி' என்று ஒரு நிகழ்ச்சி. பஞ்சாயத்து பண்ணியவர் கிரண் பேடி. போலீஸ் அதிகாரியாக இருந்தவர், நீதிபதியாக இருந்ததில்லை. பிற்பாடு 2016 முதல் 2021 வரை புதுச்சேரியின் துணைநிலை ஆளுநர். எனவே காரைக்காலும் அவர் கையில் இருந்தது.

காரைக்கால் என்றதும் மாங்கனித் திருவிழா. ஆனி மாசத்தில் மாடி மாடியாக நின்று மாம்பழம் வீசுவார்கள். அந்த விழாவின் கதையை ஒரு கேஸ் கட்டு மாதிரி புரட்டிப் பாருங்கள். மனுதாரர் புனிதவதி. கப்பலேறி வியாபாரத்துக்குப் போன கணவன் பரமதத்தன் வீடு திரும்பவில்லை. பாண்டிய நாட்டில் இன்னொரு கல்யாணம், ஒரு பெண் குழந்தை. விஷயம் தெரிந்த உறவினர்கள் அம்மையாரைப் பல்லக்கில் ஏற்றி நேரே அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். இன்றைய தேதிக்குப் பல்லக்கு ஏதாவது ஸ்டூடியோ வாசலில் நின்றிருக்கும்.

நம்ம ஊர் ஸ்டூடியோ கோர்ட்டுகளில் பிரபலம், ஜீ தமிழின் 'சொல்வதெல்லாம் உண்மை'. முதலில் நிர்மலா பெரியசாமி, பிறகு லட்சுமி ராமகிருஷ்ணன். அங்கே சொல்லும் தீர்வுக்குக் கோர்ட் உத்தரவின் பலம் துளியும் கிடையாது. 2018 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடையும் போட்டது. இப்படி ஒரு செட்டின் பின்பக்கம் எப்படியிருக்கும் என்று பார்க்க, 2017ல் வந்த 'அருவி' படமே போதும்.

அமெரிக்காவில் இந்த வியாபாரம் 1981லேயே 'பீப்பிள்ஸ் கோர்ட்'டில் ஆரம்பம். 1996ல் வந்த 'ஜட்ஜ் ஜூடி' 25 வருஷம் ஓடியது. திரைக்குப் பின்னால் நடந்தது இதுதான்: இரு தரப்பும் மத்தியஸ்தத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். வழக்கு 5,000 டாலருக்குள். பார்வையாளர் வரிசையில் தலையாட்டுபவர்கள் கூலிக்கு வந்த துணை நடிகர்கள். தோற்றவர் கட்டவேண்டிய பணத்தைத் தயாரிப்பாளரே கொடுத்துவிடுவார்! ஆக, தோற்றவர் பர்ஸுக்கு நஷ்டமில்லை.

இங்கே பந்தயப் பொருள் பணம் இல்லை சார். தாலி, குழந்தைக்கு அப்பா யார் என்ற கேள்வி, குடும்ப மானம். தோற்றால் எந்தத் தயாரிப்பாளரும் திருப்பித் தர முடியாது.

சட்டத்துக்கு இது தெரியும். இந்து திருமணச் சட்டத்தின் 22வது பிரிவு, விசாரணையைக் கதவைச் சாத்திக்கொண்டு நடத்தச் சொல்கிறது. அதை வெளியே அச்சிடக்கூடாது என்றும் சொல்கிறது. கோர்ட் சாத்தும் அதே கதவைத்தான் ஸ்டூடியோ திறந்து, உள்ளே லைட் போடுகிறது.

பின்னே ஏன் போகிறார்கள்? கோர்ட் என்றால் வாய்தா. இங்கே யாரோ ஒருவர் உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்கிறார். அந்த ஏக்கத்தைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் 1987ம் வருஷச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் இலவச வக்கீல் உண்டு. காரைக்கால் கோர்ட்டிலும் கூடும் லோக் அதாலத்தில் கட்டணமே கிடையாது. அங்கே கையெழுத்தாகும் சமரசம் சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் இல்லை. இதைச் சொல்ல எந்த சேனலிலும் பிரைம் டைம் ஒதுக்குவதில்லை.

கேஸ் கட்டின் கடைசிப் பக்கம்: பரமதத்தன் புது மனைவியோடும், புனிதவதி என்றே பெயர் வைத்த மகளோடும் வந்து அம்மையாரின் காலில் விழுந்தான். ஊரே பார்க்க நின்ற அந்தப் பெண், இறைவனிடம் இந்த உடம்பின் அழகே வேண்டாம் என்று கேட்டுப் பேயுருவம் வாங்கிக்கொண்டார்.

நல்லவேளை, அப்போது கேமரா இல்லை. இருந்திருந்தால் அவர் வாய் திறக்குமுன் ஒரு சின்ன இடைவேளை விட்டிருப்பார்கள்.